கிடப்பில் போட்டது யார்?



யாருடைய நினைவாக இன்று கூடியிருக்கிறோமோ, அந்தப் பெரியவர் மாவட்ட நீதிமன்றத்தில் சிரஸ்தாராக இருந்து ஓய்வுபெற்றவர். வாழ்நாளெல்லாம் வழக்குக் கட்டுகளின் தூசியைச் சுவாசித்தவர். "அந்தக் கேஸ் ரொம்ப நாளாகக் கிடப்பில் கிடக்கிறது" என்று யாராவது சொன்னால் விடமாட்டாராம். "கட்டுக்குக் கால் இருக்கிறதா? தானாகப் போய்ப் படுத்துக்கொள்ளுமா? போட்டது யார் என்று கேளுங்கள்" என்பாராம். அவருடைய மகள் இதைத் தொலைபேசியில் சொன்னபோதே இந்த உரைக்குப் பொருள் கிடைத்துவிட்டது. அந்தக் கேள்வியோடு உங்களை அமெரிக்காவின் தென்மாநிலங்களுக்கு அழைத்துப் போகிறேன்.

அலபாமா மாநிலத்துப் பர்மிங்காம், இரும்பும் நிலக்கரியும் வளர்த்த நகரம். சுரங்கங்கள் உள்ள ஊரில் டைனமைட்டுக்குப் பஞ்சம் இருக்காது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, வெள்ளையர் குடியிருப்பை ஒட்டிக் கறுப்பினக் குடும்பங்கள் வீடு வாங்கத் தொடங்கியதும் அந்த வீடுகள் இரவில் வெடித்தன. இருபது ஆண்டுகளுக்குள் சுமார் 50 குண்டுவெடிப்புகள். ஒரு குடியிருப்புப் பகுதியை 'டைனமைட் குன்று' என்று அழைத்தார்கள். நகரத்தையே 'பாமிங்காம்' என்றார்கள்.

1963 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. காலை 10.22க்குப் பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்தின் பக்கவாட்டுப் படிக்கட்டுக்கு அடியில் வைத்திருந்த டைனமைட் வெடித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் மகளிர் அறையில் சிறுமிகள் வழிபாட்டுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். ஆடி மே காலின்ஸ், கரோல் ராபர்ட்சன், சிந்தியா வெஸ்லி மூவருக்கும் வயது 14. டெனிஸ் மெக்நெயருக்கு 11. நால்வரும் இறந்தார்கள். ஆடியின் தங்கை சாராவுக்கு 12 வயது. உயிர் பிழைத்தாள், வலக்கண் போயிற்று.

செய்தது யார் என்பது மர்மமாக இருந்ததே இல்லை. இதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். வெள்ளை இனவெறி அமைப்பான கூ கிளக்ஸ் கிளானைச் சேர்ந்த ராபர்ட் சாம்ப்லிஸுக்கு ஊரில் 'டைனமைட் பாப்' என்று பட்டப்பெயர். சில வாரங்களில் அவர் பிடிபட்டார். உரிமம் இல்லாமல் டைனமைட் வைத்திருந்தார் என்பதுதான் குற்றச்சாட்டு. 100 டாலர் அபராதமும் ஆறு மாதச் சிறையும் விதித்தார்கள். கொலையைப் பற்றிப் பேச்சே இல்லை.

1965 மே மாதத்திலேயே பர்மிங்காம் எஃப்.பி.ஐ. அலுவலகம் நான்கு பெயர்களை எழுதித் தலைமையிடத்துக்கு அனுப்பிவிட்டது: சாம்ப்லிஸ், தாமஸ் பிளாண்டன், பாபி ஃபிராங்க் செர்ரி, ஹெர்மன் கேஷ். தண்டனை கிடைக்கும் வாய்ப்பு குறைவு என்று சொல்லி, சான்றுகள் அரசு வழக்கறிஞர்களின் கைக்குப் போகாமல் தடுத்தார் இயக்குநர் எட்கர் ஹூவர். 1968இல் கோப்பை மூடினார்கள். சிரஸ்தார் ஐயாவின் கேள்விக்கு முதல் விடை இது. போட்டவருக்குப் பெயரும் உண்டு, பதவியும் உண்டு, அலுவலக அறையும் உண்டு.

குண்டு வெடித்தபோது பில் பாக்ஸ்லி சட்டம் படித்துக்கொண்டிருந்த வெள்ளைக்கார இளைஞர். 29ஆவது வயதில் அலபாமாவின் தலைமை அரசு வழக்கறிஞராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அரசு கொடுத்த தொலைபேசி அட்டையின் நான்கு மூலைகளிலும் நான்கு சிறுமிகளின் பெயர்களை எழுதி வைத்துக்கொண்டார்; ஒவ்வொரு முறை அழைக்கும்போதும் கண்ணில் படட்டும் என்று. கோப்பைக் கேட்டு எஃப்.பி.ஐ.யின் கதவைத் தட்டினார். ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தார்கள். விஷயம் பத்திரிகையில் வரப்போகிறது என்றான பிறகுதான் ஒரு பகுதியைத் திறந்து காட்டினார்கள். மிரட்டிக் கடிதம் எழுதிய இனவெறியர் ஒருவருக்கு, அரசு முத்திரை பதித்த தாளில் ஒரே வரியில் பதில் போட்டார் பாக்ஸ்லி. அந்த வரியை இந்த மேடையில் சொன்னால் அவைத் தலைவர் மணியடித்துவிடுவார்.

1977 நவம்பரில் சாம்ப்லிஸ் தண்டிக்கப்பட்டார். சாட்சிக் கூண்டில் ஏறி வழக்கை நிலைநிறுத்தியவர் அவருடைய சொந்த உறவுக்காரப் பெண், ஒரு மெதடிஸ்ட் போதகர். வீட்டுக்குள் கேட்டதை வெளியே வந்து சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்பதைக் கூட்டுக் குடும்பங்களில் வளர்ந்த நமக்கு விளக்க வேண்டியதில்லை. சாம்ப்லிஸ் 1985இல் சிறைக் கைதியாகவே இறந்தார்.

ஒருவர் போனார், மூவர் மிஞ்சினார்கள். ஏன்? 1964இல் பிளாண்டனின் சமையலறைச் சுவரில் எஃப்.பி.ஐ. ஒலிவாங்கி பொருத்தியிருந்தது. குண்டு தயாரிப்பதற்காகக் கூடிய கூட்டத்தைப் பற்றி அவர் தன் மனைவியிடம் பேசியது நாடாவில் பதிவாகியிருந்தது. அப்படி நாடாக்கள் இருக்கின்றன என்பதையே பாக்ஸ்லிக்குச் சொல்லவில்லை. 2001இல் அந்த ஒலிப்பதிவு நீதிமன்றத்தில் ஒலித்தபோதுதான் அவருக்குத் தெரிந்தது. வெகுண்டெழுந்து பத்திரிகையில் எழுதினார். அந்த நாடா 1977இல் கிடைத்திருந்தால் பிளாண்டன் 24 ஆண்டுகள் வெளியே நடமாடியிருக்க மாட்டார். மறைத்துவைத்த நாடா அழியாமல் இருந்ததே, அதுவரை நல்லது என்று ஆறுதல் கொள்வோரும் உண்டு. எனக்கு அந்த ஆறுதல் இல்லை.

1977 விசாரணையை வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டுப் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து கவனித்தவர் டக் ஜோன்ஸ் என்ற சட்ட மாணவர். இருபது ஆண்டுகள் கழித்து அந்த வட்டாரத்தின் கூட்டரசு வழக்கறிஞரானார். ஆனால் கூட்டரசுச் சட்டப்படி சிவில் உரிமை வழக்குக்கான காலவரம்பு எப்போதோ கடந்துவிட்டது. கொலைக் குற்றத்துக்குக் காலவரம்பு இல்லை. அதை மாநில நீதிமன்றத்தில்தான் நடத்த முடியும். எனவே மாநில அரசின் சார்பிலும் நியமனம் பெற்று வழக்கை நடத்தினார். கேஷ் 1994இலேயே இறந்துவிட்டார். 2001 மே மாதம் பிளாண்டனும் 2002 மே மாதம் செர்ரியும் ஆயுள் தண்டனை பெற்றார்கள். செர்ரியை வீழ்த்தியது அவர் வாய்தான். குண்டு வைத்ததைக் குடும்பத்தாரிடம் பெருமையடித்திருந்தார்; முன்னாள் மனைவியும் பேத்தியும் வந்து சொன்னார்கள். பெருமையடித்துக்கொள்ளும் அளவுக்கு அச்சமற்று வாழ முடிந்தது என்பதைக் கவனியுங்கள்.

பக்கத்து மாநிலம் மிசிசிப்பி. 1963 ஜூன் 12 நள்ளிரவு கடந்த நேரத்தில், ஜாக்சன் நகரில், தன் வீட்டு வாசலில் காரைவிட்டு இறங்கிய கறுப்பின சிவில் உரிமைத் தலைவர் மெட்கர் எவர்ஸை முதுகில் சுட்டுக் கொன்றார்கள். துப்பாக்கித் தொலைநோக்கியில் பைரன் டி லா பெக்வித் என்ற வெள்ளை இனவெறியரின் கைரேகை இருந்தது. 1964இல் இரண்டு விசாரணைகள். இரண்டிலும் ஜூரியில் வெள்ளை ஆண்கள் மட்டுமே. இரண்டிலும் முடிவு எட்டப்படவில்லை. விசாரணை நடக்கும்போதே முன்னாள் ஆளுநர் ராஸ் பார்னெட் நீதிமன்றத்துக்கு வந்து பெக்வித்தின் கையைக் குலுக்கிவிட்டுப் போனார். மிசிசிப்பி இறையாண்மை ஆணையம் என்று ஓர் அரசுத் துறை இருந்தது. இனப் பிரிவினையைக் காப்பதற்கென்றே 1956இல் உருவாக்கப்பட்டது. இரண்டாம் விசாரணைக்கு வரக்கூடிய ஜூரிகள் யார் எவர் என்று விசாரித்து எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்குக் கொடுத்தது இந்தத் துறைதான். அதாவது மாநிலமே வழக்கையும் நடத்தியது, மாநிலமே வழக்கைக் கவிழ்க்கவும் உதவியது. 1977இல் துறையைக் கலைத்தபோது அதன் கோப்புகளை 50 ஆண்டுகளுக்கு, 2027 வரை, யாரும் பார்க்கக்கூடாது என்று சட்டமன்றமே சட்டம் போட்டது. கிடப்புக்கு நாள் குறித்துச் சட்டம்! சிரஸ்தார் ஐயா கேட்டிருந்தால் சிரித்திருப்பாரா, தலையில் அடித்துக்கொண்டிருப்பாரா தெரியவில்லை. நீதிமன்ற ஆணையால் 1998இல்தான் அவை திறந்தன. அதற்கு முன்பே, 1989இல், ஜெர்ரி மிட்செல் என்ற உள்ளூர்ச் செய்தியாளருக்குக் கசிந்த தாள்கள்தான் வழக்கை எழுப்பின.

எழுப்பினால் போதுமா? பழைய விசாரணையின் எழுத்துப்பதிவே அரசிடம் இல்லை. சான்றொப்பமிட்ட பிரதியை எவர்ஸின் மனைவி மிர்லி பல ஆண்டுகளாகப் பத்திரமாக வைத்திருந்தார், எடுத்துக் கொடுத்தார். துப்பாக்கியோ, வழக்கை ஏற்ற அரசு வழக்கறிஞர் பாபி டிலாட்டரின் மாமனார் வீட்டில் கிடந்தது. மாமனார் ஒரு நீதிபதி. (இதே டிலாட்டர் பின்னாளில் நீதிபதியாகி, நீதியைத் தடுத்த குற்றத்தை 2009இல் ஒப்புக்கொண்டு சிறை சென்றார். வீரர்களுக்குச் சிலை வைக்க ஆசைப்படுவோர் கொஞ்சம் பொறுத்திருப்பது நல்லது.)

இப்போது பெக்வித் ஒரு வாதம் வைத்தார்: விரைவான விசாரணை என் அடிப்படை உரிமை, இவ்வளவு தாமதித்து வழக்குத் தொடுப்பது அநியாயம். தாமதத்தால் நிழல் பெற்றவர் தாமதத்தைக் குற்றம் சொன்னார். நீதிமன்றம் ஏற்கவில்லை. 1994 பிப்ரவரி 5 அன்று ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 1964இல் முடிவு எட்டாமல் போனதே அப்போது உதவிற்று. ஜூரி அன்று விடுதலை செய்திருந்தால் மறுபடி விசாரிக்க முடியாது. அப்படித்தான் 1955இல் 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில்லைக் கொன்ற இருவரும் விடுதலையானார்கள். சில மாதங்களில் பத்திரிகைக்குப் பணம் வாங்கிக்கொண்டு, "நாங்கள்தான் செய்தோம்" என்று சொன்னார்கள். சட்டத்தால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

2005 ஜூன் 21 அன்று, மிசிசிப்பியில் மூன்று சிவில் உரிமைத் தொண்டர்கள் கொல்லப்பட்டுச் சரியாக 41 ஆண்டுகள் ஆன நாளில், அந்த வழக்கில் எட்கர் ரே கில்லன் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. வயது 80, சக்கர நாற்காலியில் இருந்தார். "தள்ளாத கிழவரைச் சிறையில் போட்டு என்ன சாதிக்கிறீர்கள்?" என்று அப்போது பலர் கேட்டார்கள். அந்தக் கேள்வியை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். முதுமை எவருக்கும் இரங்கத் தக்கதுதான். ஆனால் அவர் முதுமை அடைந்தார். கொல்லப்பட்ட மூவருக்கும் இருபதுகளிலேயே வயது நின்றுவிட்டது. அந்த 41 ஆண்டுகளை அவருக்குப் பரிசாகக் கொடுத்தவர்களைப் பற்றி இரக்கக்காரர்கள் கேட்பதில்லை.

2008இல் எம்மெட் டில் பெயரிலேயே ஒரு சட்டம் வந்தது. 1970க்கு முந்திய கொலைகளை மறுவிசாரணை செய்ய வழி வகுத்தது. நூற்றுக்கும் மேற்பட்ட கோப்புகளைப் பிரித்தார்கள். பெரும்பாலானவற்றைத் திரும்ப மூடினார்கள்; சந்தேகத்துக்குரியவர்கள் செத்துப்போயிருந்தார்கள். தண்டனை வாங்கித் தந்தவை விரல்விட்டு எண்ணத்தக்கவை.

பர்மிங்காம் வழக்குகளில் ஒரு காட்சியைச் சொல்லி அமர்கிறேன். 2001இல் பிளாண்டன் வழக்கில் சாரா காலின்ஸ் சாட்சி சொல்ல வந்தார். பன்னிரண்டு வயதில் கடைசியாகக் கண்டதைச் சொன்னார்: அக்கா ஆடி, டெனிஸின் உடுப்பில் இடுப்புப் பட்டியைக் கட்டிவிடக் கை நீட்டினாள். அப்போது வெடித்தது. இருட்டில் அக்காவை மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டதாகச் சொன்னார். பதில் வந்ததா என்று கேட்டார்கள். இல்லை என்றார்.