சொக் அப்சோபரை மாற்றுவதா, திருத்துவதா?

(2025 மகா சிவராத்திரிக்கு மறுநாள் காலை, திருக்கேதீஸ்வரத்தில் நமது தோட்டக் கிளைக் குடும்பங்கள் மத்தியில் பேசியதன் எழுத்து வடிவம்)



இரவு முழுவதும் கண்விழித்திருக்கிறீர்கள். பாலாவியில் நீர் மொண்டு வந்து உங்கள் கையாலேயே லிங்கத்துக்கு ஊற்றியிருக்கிறீர்கள். சாமி காரியத்துக்கு வந்த இடத்தில் லொறிக் கதை எதற்கு என்று சிலர் முகத்தைச் சுளிப்பது தெரிகிறது. மலைக்குத் திரும்புவதற்குள் முடிவெடுக்க வேண்டிய காரியம் இது. எல்லாரும் ஒரே இடத்தில் கூடியிருப்பது இன்றைக்கு மட்டும்தான்.

மதவாச்சியிலிருந்து மன்னார் றோட்டில் திரும்பியதிலிருந்து நமது கிளை லொறியின் முன்பக்கம் குதிரை மாதிரித் துள்ளியதை பாத்திரம் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் சொன்னார்கள். முருங்கனில் நிறுத்திப் பார்த்தோம். முன் சில்லு இரண்டுக்கும் உள்ள சொக் அப்சோபர்களில் இடதுபக்கத்தது ஒயிலில் நனைந்திருந்தது. வலதுபக்கத்தது பார்வைக்கு நல்லதுதான். ஆனால் தொட்டுப் பார்த்தால் குளிர்ந்து கிடந்தது.

இந்தக் குளிர்ச்சியைக் கொஞ்சம் விளக்க வேண்டும். லொறியின் பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங் பட்டைகள். சொக் பாரம் தாங்குவதில்லை. ‘புதுச் சொக் போட்டால் இன்னும் பத்து மூடை ஏற்றலாம்’ என்று சொல்கிறவர் பேச்சைக் கேட்காதீர்கள். பள்ளத்தில் விழுந்த ஸ்பிரிங், ஊஞ்சல் மாதிரித் தொடர்ந்து ஆடும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் சொக்கின் வேலை. உள்ளே ஒயில், ஒயிலுக்குள் ஒரு பிஸ்டன், பிஸ்டனில் சின்னச் சின்ன வால்வுகள். வெறும் சிரிஞ்சில் தண்ணீரை எடுத்து, வாயை விரலால் பாதி மூடிக்கொண்டு தள்ளிப் பாருங்கள், கை கனக்கும். அதே கனம்தான். ஆட்டத்தின் வேகம் அங்கே சூடாக மாறுகிறது. ஆகவே கால் மணி நேரத்துக்கு மேல் கரடுமுரடான றோட்டில் ஓடி நின்ற லொறியில், வேலை செய்கிற சொக் பக்கத்துச் சட்டத்தைவிடச் சூடாக இருக்கும். குளிர்ந்து கிடந்தால் அது சும்மா தொங்கிக்கொண்டு வந்திருக்கிறது என்று அர்த்தம். சில்லுக்குக் கட்டை வைத்துவிட்டு, முதலில் கையைக் கிட்டே கொண்டுபோய் அனலைப் பார்த்து, பிறகு தொடுங்கள். நல்ல சொக் விரலைச் சுட்டுவிடும்.

சொக் செத்த லொறியில் சில்லு றோட்டைவிட்டு எழும்பி எழும்பி விழும். எழும்பியிருக்கிற நேரத்தில் பிரேக் பிடித்தும் பலனில்லை, ஸ்டியரிங் திருப்பியும் பலனில்லை. சமதரையில் இது எரிச்சல். றம்பொடைப் பக்கத்து வளைவுகளில் இது உயிர். டயரும் அங்கங்கே குழி குழியாகத் தேயும். நமது முன் டயர் இரண்டையும் கையால் தடவிப் பார்த்தால் அந்தக் குழி தெரிகிறது.

இனி வாதத்துக்கு வருவோம். மூத்தவர்களும் டிரைவர் அண்ணனும் திருத்தலாம் என்கிறார்கள். கராஜ் பாஸும் பின்னேரத்துக்குள் முடித்துத் தருவதாகச் சொல்கிறார். எங்கள் சனம் எதையும் இலகுவில் தூக்கி எறிந்ததில்லை. கவ்வாத்துக் கத்திக்குப் பிடி மாற்றி மாற்றி இருபது வருடம் பாவித்த ஆட்கள் நாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியபோதும், 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாயைத் தாண்டியபோதும், நாடு முழுவதும் பழைய லொறிகள் திருத்தித் திருத்தித்தான் ஓடின. அந்த வருடம் ஜூலையில் இந்தக் கோயிலின் கும்பாபிஷேகத்துக்கு வர ஆசைப்பட்டும் டீசல் இல்லாமல் எத்தனை பேர் வீட்டிலேயே இருந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே திருத்துவதை இளப்பமாகப் பேசுவது எங்கள் நோக்கமில்லை.

ஆனால் எதைத் திருத்தலாம் என்று ஒரு கணக்கு இருக்கிறது. மேல்மூடியை மரையில் கழற்றக்கூடிய சொக் என்றால், ஒயில் சீல், வழிகாட்டிப் புஷ், பிஸ்டன் வளையம், ஒயில் எல்லாவற்றையும் மாற்றி நன்றாகத் திருத்தலாம். நமது லொறியில் இருப்பது கம்பனியிலேயே வெல்டிங் வைத்து மூடியது. அதைத் திருத்துவதென்றால் அறுக்க வேண்டும், சீல் மாற்றி, ஒயில் ஊற்றி, திரும்ப வெல்டிங் வைக்க வேண்டும். ஊற்றுகிற ஒயிலின் தடிப்பு பிசகினால் சொக் ஒன்றில் கல்லாக இறுகும், இல்லாவிட்டால் கஞ்சியாகத் தளரும். வால்வு தேய்ந்திருந்தால் ஒயில் மாற்றி என்ன பயன்? காஸ் அடைத்த சொக் என்றால் உள்ளே அழுத்தம் இருக்கிறது. அதை அறுப்பதும் சூடாக்குவதும் பக்கத்தில் நிற்கிறவருக்கே ஆபத்து.

இன்னுமொரு சோதனை, இதற்குக் காசு வேண்டாம். சொக்கின் பளபளப்பான தண்டின்மேல் நகத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நகம் எங்கேயாவது தட்டினால், அந்தப் பொட்டு புது ஒயில் சீலையும் கிழித்துவிடும். நமது லொறி மரக்கறி ஏற்றி இறங்கி, மன்னாரிலிருந்து கருவாடு ஏற்றித் திரும்புகிற லொறி. உப்புக் காற்றும் உப்புத் தண்ணியும் அந்தத் தண்டை அரித்திருக்கின்றன. இடதுபக்கத்துத் தண்டில் நகம் மூன்று இடத்தில் தட்டியது. டிரைவர் அண்ணனே தடவிப் பார்த்தார், பிறகு ஒன்றும் பேசவில்லை.

காசுக்கு வருவோம். கணக்கு இலகுவாக இருக்க ஒரு விலையை வைத்துக்கொள்வோம். புதுச் சோடி 40,500 ரூபாய், திருத்துவது சோடிக்கு 16,200 ரூபாய். 2024 செப்டெம்பரில் நமது அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. புதியது 30 பேருக்கு ஒரு நாள் சம்பளம், திருத்துவது 12 பேருக்கு ஒரு நாள் சம்பளம். லொறியில் பங்குள்ள வீடுகள் 30 என்றால், வீட்டுக்கு 1,350 அல்லது 540. வித்தியாசம் 810 ரூபாய். பிள்ளையின் கொப்பி, அரிசி, கறிவேப்பிலை வரைக்கும் எண்ணிச் செலவழிக்கிற வீட்டில் 810 ரூபாய் சின்னக் காசு இல்லை. ஆனால் மூன்று வருடம் ஓடக்கூடிய புதியதுக்குப் பதிலாக, வருடத்துக்கு ஒரு தடவை திருத்தினால் 48,600 ரூபாய் போகும். டயர் தேய்மானத்தை அதில் சேர்க்கவில்லை. உண்மையான விலையை வவுனியாவிலும் பஞ்சிகாவத்தையிலும் கேட்டு, இதே மாதிரி வகுத்துப் பாருங்கள்.

பஞ்சிகாவத்தையில் ஜப்பான் லொறியில் கழற்றிய பாவித்த சொக் மலிவாகக் கிடைக்கும் என்று ஒரு தம்பி சொன்னார். கிடைக்கும். எத்தனை வருடம் எந்த மூலையில் கிடந்தது, ரப்பர் எவ்வளவு காய்ந்தது என்று யாருக்கும் தெரியாது. வாங்கத்தான் வேண்டுமென்றால் நிமிர்த்திப் பிடித்து, பல தடவை இழுத்து அமுக்கிப் பார்த்து வாங்குங்கள். இழுக்கும்போது அமுக்குவதைவிடக் கூடுதலாகக் கனக்க வேண்டும். இடையில் வெறுமையாக நழுவினால் வைத்துவிட்டு வாருங்கள்.

பின்பக்கம் வேறு கதை. ‘டக் டக்’ என்ற சத்தம் கேட்டு நாலையும் மாற்றச் சொன்னார்கள். பின் சொக் இரண்டும் காய்ந்து, சூடாக, தண்டு சுத்தமாக இருக்கின்றன. சத்தம் தேய்ந்த ரப்பர் புஷ்ஷிலிருந்து வருகிறது. அதை மட்டும் மாற்றினால் போதும். மிச்சமாகிற காசு முன்பக்கத்துக்கு உதவும். முன்பக்கத்தில் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மற்றதைப் பழசாக விடக்கூடாது. ஒரு பக்கம் அடங்கி மறுபக்கம் ஆடினால் லொறி இழுத்துக்கொண்டு போகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தோட்டங்களில் கொழுந்து ஏற்றுகிற லொறியிலேயே பெண்களை வேறு டிவிஷனுக்கு வேலைக்கு நிற்க வைத்துக் கொண்டுபோகிறார்கள். அந்த லொறியின் சொக்கை யார் தொட்டுப் பார்த்தார்கள்? 2023 ஜூலை 28ஆம் திகதி தொடங்கித் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தோமே, நம்முடைய பாட்டன் பூட்டிமார் நடந்த பாதையை நினைத்து. அவர்களுக்கு வண்டி இல்லை, வழியிலேயே விழுந்து செத்தார்கள். பேரப்பிள்ளைகளுக்கு வண்டி இருக்கிறது, அதிலும் கொழுந்துச் சாக்கோடு சாக்காக நிற்கிறார்கள். அடுத்த பேச்சுவார்த்தையில் ஆள் ஏற்றும் வாகனத்தின் பிரேக், டயர், சொக் பரிசோதனைப் பதிவைத் தொழிலாளர் பிரதிநிதிக்குக் காட்ட வேண்டும் என்று கேட்கப் போகிறோம். அப்படிக் கேட்பதற்கு நமது சொந்த லொறி ஒழுங்காக இருக்க வேண்டும்.

ஆகவே கமிட்டி வைக்கிற யோசனை இதுதான். முன்பக்கத்துக்குப் புதுச் சோடி, பின்பக்கத்துக்கு ரப்பர் புஷ் மட்டும். வவுனியாவிலிருந்து சாமான் வந்து பூட்டும்வரை லொறி இங்கேயே நிற்கும், இரண்டு பேர் காவலிருப்பார்கள். வயதானவர்களும் பிள்ளைகளும் உள்ள குடும்பங்கள் இன்றைக்கே பஸ்ஸில் புறப்படலாம். பஸ் காசைக் கிளை நிதியிலிருந்து தருவோம். நாளைக்கு வேலைக்குப் பெயர் போட முடியாமல் போகிறவர்கள் செயலாளரிடம் பெயரைக் கொடுங்கள். லொறி திரும்பும்போது பாத்திரமும் கருவாடும் மட்டும் ஏறும், ஆள் ஏறாது. வீட்டுக்கு எவ்வளவு என்பது பற்றுச்சீட்டு வந்த பிறகு லயம் லயமாக வந்து வாசிப்போம். ஒரே தடவையில் கொடுக்க முடியாதவர்கள் மூன்று சம்பளத்தில் கொடுக்கலாம்.

மறுத்துப் பேச வேண்டியவர்கள் இப்போதே பேசுங்கள். முதலில் டிரைவர் அண்ணன் சொல்லட்டும்.