ஆற்று நீரும் வரைபடப் புள்ளியும்



ஆற்றில் மீன்கள் செத்து மிதந்தால், ஆலைக் கழிவே காரணம் என்பார் சிலர். மேலிருந்து வந்த அழுக்கு என்பார் வேறு சிலர். உண்மையை எவ்வாறு அறிவது?

ரப்பர்ப் பாலை அமிலமிட்டு உறைய வைத்தபின் எஞ்சும் நீரைச் சுத்திகரிக்காமல் ஆற்றில் விட்டால், அதிலுள்ள கழிவை நுண்ணுயிர்கள் தின்னும்போது நீரின் பிராணவாயு குறைகிறது. மீன்கள் மூச்சுத் திணறி மடிகின்றன. இதனைத் தடுக்கவே நம் நாட்டில் 1974-இல் சுற்றுச்சூழல் தரச் சட்டமும், 1978-இல் ரப்பர் ஆலைகளுக்கெனத் தனி விதிகளும் வந்தன.

ஆலைக்கு மேலே ஓரிடத்திலும் கீழே ஓரிடத்திலும் நீர் எடுத்து ஒப்பிட்டால் உண்மை விளங்கும். இவ்விடங்களே மாதிரி நிலையங்கள். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நீர் எடுக்க வேண்டுமாதலால், அவற்றை வரைபடத்தில் குறித்தல் அவசியம்.

பத்தாம் நிரையில் ஏழாம் மரம் என்றால் நாம் தடுமாறாமல் அம்மரத்தை அடைகிறோம் அல்லவா? அவ்வாறே, பூமத்திய ரேகையிலிருந்து வடக்கே எவ்வளவு என்பதை அட்சரேகையும், கிரீன்விச்சிலிருந்து கிழக்கே எவ்வளவு என்பதைத் தீர்க்கரேகையும் கூறும். கோலாலம்பூரில் கோம்பாக் ஆறு கிள்ளான் ஆற்றோடு கூடுமிடம், ஏறத்தாழ வடக்கு 3 பாகை 9 நிமிடம், கிழக்கு 101 பாகை 42 நிமிடம். வரைபடத்தின் ஓரங்களில் இவ்வெண்களைக் கண்டு, குறுக்கே ஒரு கோடும் நெடுக்கே ஒரு கோடும் பென்சிலால் இழுத்தால், அவை வெட்டுமிடமே நிலையம். புள்ளி ஆற்றின்மேல் விழுந்ததா என்று உடனே சரிபார்க்க வேண்டும்.

ஒரு பாகைக்கு 60 நிமிடம். ஒரு நிமிடம் ஏறத்தாழ 1.85 கிலோமீட்டர். ஒரு நிமிடம் பிசகினாலும் ஆலைக்குக் கீழுள்ள நிலையம் மேலே போய்விடலாம். குற்றமற்றவர்மீது பழி விழலாம். 3 பாகை 30 நிமிடம் என்பது 3.5 பாகையே, 3.30 என்று எழுதினால் புள்ளி 22 கிலோமீட்டர் தள்ளி விழும்!

இன்று கைத்தொலைபேசியே இவ்வெண்களைக் காட்டுகிறது. ஆற்று நீர் நிறம் மாறியிருக்கக் கண்டால், அவ்விடத்து எண்களையும், நாளையும், நேரத்தையும், அருகிலுள்ள பாலத்தின் பெயரையும் எழுதி வைத்துச் சுற்றுச்சூழல் துறைக்குத் தெரிவிப்போம். இடம் தெளிவானால் காரணத்தைத் தேடுவது எளிதாகும். நம் பிள்ளைகள் இறங்கிக் குளிக்கும் ஆறு அது.