பயம் இருக்கட்டும், விளக்கும் இருக்கட்டும்



நான் இப்பள்ளியின் பழைய மாணவன். படிப்பைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் பயத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பொறுத்தருள்க.

1978-இல் நான் ஆறாம் வகுப்பு. ஆற்றங்கரையில் சாரணர் முகாம். அனுமதிக் கடிதத்தை அப்பாவிடம் நீட்டினேன். "ஆத்துல தண்ணி இழுத்துக்கும், பாம்பு கெடக்கும், வேணாம்" என்றார். கையெழுத்துப் போடவில்லை. அன்று அழுதேன். பிறகு அதுவே பழகிவிட்டது. எது வந்தாலும் "நமக்கெதுக்கு" என்று ஒதுங்கினேன். நீச்சல்கூடக் கற்கவில்லை.

2018-இல் சக ஊழியர்களோடு நியூசிலாந்துக்குச் சுற்றுலா போனேன். குவீன்ஸ்டவுன் நகருக்கு அருகே கவராவ் ஆற்றின் குறுக்கே 1880-இல் கட்டிய தொங்குபாலம் ஒன்று உண்டு. அங்கே 43 மீட்டர் உயரத்திலிருந்து காலில் கயிறு கட்டித் தலைகீழாகக் குதிக்கிறார்கள். 'பன்ஜி' என்று பெயர். 1988 முதல் நடக்கிறது. வனுவாட்டு நாட்டின் பெந்தெகொஸ்தே தீவில், ஆண்கள் காலில் காட்டுக்கொடியைக் கட்டிக்கொண்டு மரக் கோபுரத்திலிருந்து குதிப்பார்கள். அந்தச் சடங்கிலிருந்து வந்த விளையாட்டு இது.

எல்லாரும் பெயர் கொடுத்தார்கள். "நான் பைகளைப் பாத்துக்கிறேன்" என்றேன். எங்கள் குழுவில் ஓர் இளம்பெண், "அண்ணே, குதிக்க வேணாம், கயித்தையாவது வந்து பாருங்க" என்றாள். போனேன்.

ஒவ்வொருவரையும் நிறுத்து, எடையைக் கையிலேயே எழுதுகிறார்கள். எடைக்கு ஏற்றபடி கயிறு. கணுக்காலில் துண்டைச் சுற்றி, அதன்மேல் வாரைக் கட்டி இறுக்குகிறார்கள். கட்டியதைச் சரிபார்த்த பிறகே விளிம்புக்கு விடுகிறார்கள்.

கயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். ரப்பர்! மெல்லிய ரப்பர் இழைகள் நூற்றுக்கணக்கில் சேர்ந்த கயிறு.

எனக்கு அம்மா ஞாபகம் வந்தது. விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போவார். மரம் சீவி, மங்கில் வடிந்த பாலைச் சேர்த்து, காண்டா வாளியில் சுமந்து வருவார். "இருட்டுல பயமா இல்லையாம்மா?" என்று ஒருநாள் கேட்டேன். "பயமில்லாம இருக்குமா? வெளக்கு சரியா எரியுதான்னு பாத்துக்கிட்டுப் போறதுதான்" என்றார்.

அன்று அம்மாவுக்கு விளக்கு. இன்று எனக்குக் கயிறு. பெயரைக் கொடுத்தேன்.

வீரமாகக் குதித்தேன் என்று எண்ணிவிடாதீர்கள். கால் வெடவெடவென்று ஆடியது. "அம்மா!" என்று கத்தியது பாலம் முழுக்கக் கேட்டதாம். கயிறு நீண்டது, மேலே இழுத்தது, மறுபடி இறக்கியது. கீழே படகில் இருந்தவர்கள் ஒரு கோலை நீட்டினார்கள். பிடித்துக்கொண்டேன். 52 வயதில் சிறு பிள்ளைபோலச் சிரித்தேன்.

மாணவச் செல்வங்களே! யாருக்கும் சொல்லாமல் ஈயக்குட்டையில் குதிப்பது வீரமல்ல. அங்கே கயிறும் இல்லை, கோல் நீட்ட ஆளும் இல்லை. பயம் வந்தால் வெட்கப்படாதீர்கள். ஆனால் பயந்த இடத்திலேயே நின்றுவிடாதீர்கள். "எப்படிக் கட்டியிருக்கிறார்கள்?" என்று கேளுங்கள்.

பெற்றோர்களே! முகாமுக்கு அனுமதிக் கடிதம் வந்தால் உடனே "வேணாம்" என்று சொல்லாதீர்கள். பள்ளிக்கு வந்து கேளுங்கள். கூடப் போகும் ஆசிரியர் யார்? மிதவைச் சட்டை உண்டா? தலையை எண்ணுவது யார்? பதில் சரியில்லையென்றால் அனுப்பாதீர்கள். சரியாக இருந்தால் கையெழுத்துப் போடுங்கள். என் அப்பாவுக்குப் பாசம் நிறைய இருந்தது. இப்படிக் கேட்கலாம் என்று அவருக்குச் சொல்லத்தான் ஆளில்லை.

உங்கள் பிள்ளை என்னைப்போல் 52 வயதுவரை காத்திருக்க வேண்டாம்.