நடித்தவர் எழுதியபோது: டி. பி. ராஜலட்சுமி



தமிழின் முதல் பேசும்படமாகிய 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31ஆம் நாள் வெளிவந்தது. நாயகன் தெலுங்கில் பேச, நாயகி தமிழில் விடையிறுத்த விந்தைப் படம் அது. வடமொழிக் கவியின் கதைக்கு நடுவே காந்தியடிகளின் இராட்டினத்தைப் போற்றும் பாடல் ஒன்றையும் அந்நாயகி பாடினார். கதைக்கும் பாட்டுக்கும் தொடர்பில்லை. காலத்துக்கும் பாட்டுக்கும் இருந்தது. அவர்தாம் 'சினிமா ராணி' எனப்பெற்ற டி. பி. ராஜலட்சுமி.

திருவையாற்றுப் பஞ்சாபகேசன் மகள் என்பது அவர் பெயரின் முன்னெழுத்துகளுக்கு விரிவு. அக்கால வழக்கப்படி குழந்தைப் பருவத்திலேயே மணம் நிகழ்ந்தது; சீர்வரிசைப் பூசலில் அம்மணவாழ்வு முறிந்தது. தந்தையும் மறைந்தார். தாயுடன் திருச்சிராப்பள்ளிக்கு வந்த சிறுமிக்கு நாடகமேடை சோறிட்டது. நாடகக்காரி என்னும் சொல் வசையாக வழங்கிய நாளில், அந்தணர் குலத்துப் பெண் அரிதாரம் பூசுவதென்றால் ஊர் என்ன பேசியிருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

அம்மேடையின் இயல்பு ஒன்றை இங்கே கருத வேண்டும். சங்கரதாஸ் சுவாமிகள் பாடல்களை யாத்துத் தந்தார். ஆனால் 'ஸ்பெஷல் நாடக' மேடையில், எந்தக் குழுவையும் சாராத நடிகர்கள் தனித்தனியே அழைக்கப்பெற்று, அன்றிரவே சந்தித்து, அன்றிரவே ஆடினர். வள்ளிக்கும் வேடனாய் வந்த வேலனுக்கும் நிகழும் தர்க்கத்தில் எழுதிவைத்த உரையாடல் பாதி, அந்தக் கணத்தில் பிறப்பது பாதி. எதிரில் நிற்பவர் தொடுக்கும் வினாவுக்கு விடையைத் தானே புனைய வேண்டும். தடுமாறினால் அவையோர் விடமாட்டார்கள். வள்ளி வேடம் ஏற்றவள் பிறர் உரையை ஒப்புவிக்கும் கிளியல்லள். அக்கால நடிகையருள் ஒருவர் எழுத்தாளரானதில் வியப்பு ஏதுமில்லை. மற்றையோர் ஆகாமல் போனதற்கே காரணம் தேட வேண்டும்.

கோவைக்கும் இவ்வரலாற்றில் பங்கு உண்டு. திருச்சிராப்பள்ளியில் இரயில்வே ஊழியராயிருந்து, 1905இல் படக்கருவி ஒன்றை விலைக்கு வாங்கி, ஊர் ஊராய்க் கொட்டகையிட்டுப் படம் காட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட், கோவையில் வெரைட்டி ஹாலை நிறுவியவர். கல்கத்தா நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து அவர் 1933இல் வெளியிட்ட 'வள்ளி திருமணம்' பெரும்பொருள் ஈட்டிற்று. அதில் வள்ளியாக நடித்தவர் ராஜலட்சுமியே. நம் கொங்கு மண்ணின் கொடுமுடிக்குரிய கே. பி. சுந்தராம்பாள் 1935இல் நந்தனார் வேடத்துக்கு இலட்ச ரூபாய் பெற்றதை இன்றும் பேசுகிறோம். குரலுக்குக் கிடைத்த அப்பெருமதிப்பு, பெண்ணின் எழுத்துக்கோ இயக்கத்துக்கோ அந்நாளில் கிடைத்ததா என்றால், இல்லை.

இந்தச் சூழலில்தான் 1936இல் 'மிஸ் கமலா' வெளிவருகிறது. 'கமலவல்லி' என்னும் தம் நாவலைத் திரைக்கதையாக்கி, தாமே தயாரித்து, தாமே இயக்கி, தாமே நடித்தார் ராஜலட்சுமி. இந்திய அளவில் பாத்மா பேகம் 1926இலேயே மௌனப்படம் ஒன்றை இயக்கிவிட்டார். தென்னாட்டில் ராஜலட்சுமியே முன்னோடி. இதை வை. மு. கோதைநாயகி அம்மாளோடு ஒப்பிட்டு நோக்கலாம். நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள் எழுதிய அவர்தம் 'அநாதைப் பெண்' 1938இல் படமானபோது, இயக்கியவர் வேறொருவர். தாம் எழுதியதைத் தாமே காட்சியாக்கும் உரிமையைப் பணம் போட்டுத்தான் பெற முடியும் என்பதை ராஜலட்சுமி அறிந்திருந்தார். அதனாலேயே தயாரிப்புச் சுமையையும் தலையில் ஏற்றிக்கொண்டார் எனக் கொள்வது பொருந்தும். பின்னர் 'மதுரை வீரன்' படத்தையும் இயக்கினார். 1964இல் மறைந்தார்.

திரைப்பட வரலாற்றார் அவரை 'முதல் நாயகி' என ஒரு வரியில் போற்றிவிடுகின்றனர். முதன்மை என்பது சிறப்புத்தான். ஆயினும் அச்சொல்லே செய்த வேலையை மறைக்கும் திரையாகவும் ஆகிவிடுகிறது. நம்மவர் செயலோ இன்னும் மோசம். தமிழ் நாவல் வரலாற்று நூல்களில் அவர் பெயரைத் தேடுவோர் பெரும்பாலும் ஏமாற்றமே அடைவர். 'விமலா', 'மல்லிகா' முதலிய பிற நாவல்களும் அவர் பெயரில் சொல்லப்படுகின்றன. நடிகை எழுதினால் அது பொழுதுபோக்கு, ஆடவர் எழுதினால் இலக்கியம் என்று எந்த இலக்கணம் கூறுகிறது? நாவல் தரமற்றதென்றால் அதனைப் படித்துவிட்டுச் சொல்லட்டும்.

'காளிதாஸ்' படச்சுருள் இன்று கிடைக்கவில்லை. 'மிஸ் கமலா'வும் அப்படியே. முதலை உண்ட பாலனை இந்த அவிநாசித் தலத்தில் சுந்தரர் பாடி மீட்டார் என்பது நம் தலவரலாறு. சுருளை மீட்க எந்தப் பதிகத்தாலும் ஆகாது. எரிந்த சுருள் எரிந்ததுதான். ஆனால் அந்நாளில் கொட்டகை வாயிலில் காலணா, அரையணாவுக்கு விற்ற பாட்டுப் புத்தகங்கள் பழைய வீடுகளின் மரப்பெட்டிகளில் இன்னும் இருக்கக்கூடும். அவற்றில் கதைச் சுருக்கமும் பாடல்களும் நடிகர் பட்டியலும் அச்சாகியிருக்கும். அவிநாசியிலும் திருப்பூரிலும் கோபியிலும் உள்ள உறுப்பினர்கள் பரண்மேல் ஏறி ஒருமுறை பார்க்க வேண்டும். தாள் பொடிந்திருந்தாலும் கரையான் அரித்திருந்தாலும் எறிந்துவிடாமல், கிடைத்ததைக் கிடைத்தபடியே வட்டத்திடம் சேர்ப்பியுங்கள்.