ரெய்டர் ரேங்கிங்: எல்லா ஒரு பாயிண்ட்டும் ஒரே பாயிண்ட் இல்ல

சின்ன காஞ்சிபுரத்துல இருந்து பேசறேன். போன எபிசோடுக்கு அப்புறம் வந்த மெசேஜ்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான்: "இப்ப ஆடற ரெய்டர்கள்ல யார் பெஸ்ட்? ஒரு டாப் 5 போடுங்க." சரி, போட்டுடலாம். ஆனா லிஸ்ட் மட்டும் சொல்லிட்டுப் போனா அது சண்டைக்குத்தான் உதவும். எதை வச்சு அளக்கறேன்னு முதல்ல சொல்லிடறேன். அப்புறம் நீங்க தாராளமா திட்டலாம்.

இந்த வியாதி நமக்கு மட்டும் இல்ல. அமெரிக்கன் ஃபுட்பால்ல குவார்ட்டர்பேக்னு ஒரு இடம் இருக்கு. பந்து ஒவ்வொரு முறையும் அவர் கைக்குத்தான் முதல்ல வரும். யாருக்கு எறியறது, எறியறதா வேண்டாமானு ரெண்டு மூணு செகண்ட்ல அவர் முடிவெடுக்கணும். ஜெயிச்சா அவர் ஹீரோ, தோத்தா அவர்தான் காரணம். அங்க வருஷம் முழுக்க குவார்ட்டர்பேக் ரேங்கிங் போட்டுக்கிட்டே இருப்பாங்க. நம்ம ஊர் ஆட்டத்துல அதுக்கு ரொம்பக் கிட்ட வர்றவர் ரெய்டர். 30 செகண்ட், எதிர்ல ஏழு பேர், முடிவு முழுக்க அவரோடது. கேமரா அவர் பின்னாடியேதான் ஓடும். ஏலத்துல கோடியும் பெரும்பாலும் அவருக்குத்தான் போகும்.

ரேங்க் போடறதுக்கு எல்லாரும் எடுக்கற சுலபமான வழி, மொத்த ரெய்டு பாயிண்ட்டை எக்செல் ஷீட்ல போட்டு பெரிசுல இருந்து சின்னதுக்கு அடுக்கறது. ரெண்டு கிளிக் வேலை. வேலை முடிஞ்ச மாதிரிதான் இருக்கும். ஆனா அந்த ஷீட்ல மூணு விஷயம் தெரியாது.

முதல் விஷயம். போர்டுல போனஸும் 1, டச்சும் 1. ஆட்டத்துல ரெண்டும் ஒண்ணு இல்ல. எதிரணியில 6 பேரோ 7 பேரோ இருந்தாத்தான் போனஸ் கோட்டுக்கு மதிப்பு. ஒரு கணக்கு போடுவோம். உங்க டீம்ல 3 பேர் மிச்சம், எதிர்ல 7 பேர். உங்க ரெய்டர் போனஸ் எடுத்துட்டு வர்றார். போர்டுல ஒண்ணு ஏறுது. களத்துல இன்னும் 3க்கு 7தான். அதே ரெய்டர் ஒருத்தரைத் தொட்டுட்டு வந்தா, அங்க ஒருத்தர் வெளியே, இங்க ஒருத்தர் உள்ளே. 4க்கு 6. ஆல் அவுட் ஆகிற நிலைமையில இருந்த டீமுக்கு மூச்சு வருது. ஆல் அவுட் ஆகியிருந்தா 2 பாயிண்ட் சும்மா கொடுத்திருப்பீங்க. ரெண்டுக்கும் ஷீட்ல அதே 1தான்.

ரெண்டாவது, மூணாவது ரெய்டு. தொடர்ந்து ரெண்டு ரெய்டு பாயிண்ட் இல்லாம போச்சுன்னா, அடுத்தது டூ ஆர் டை. பாயிண்ட் எடுக்காம திரும்பி வந்தா அவுட். எதிரணிக்கு இது நல்லாவே தெரியும். கார்னர்ல இருக்கறவங்க அவசரப்படாம காத்துக்கிட்டிருப்பாங்க. சாதாரண ரெய்டுல ஒரு எட்டு பார்த்துட்டு திரும்பறவருக்கு இங்க அந்த வசதி கிடையாது. எல்லாரும் டயர்டா இருக்கற கடைசி அஞ்சு நிமிஷத்துல டூ ஆர் டைக்கு யாரை அனுப்பறாங்கன்னு பாருங்க. கோச்சோட ரேங்கிங் அங்க தெரியும். அதுக்கு ஷீட் தேவையில்ல.

மூணாவது, பிடிபடறது. ஒரு ரெய்டர் 20 ரெய்டு போய் 12 பாயிண்ட் எடுக்கறார், 6 முறை மாட்டறார்னு வைங்க. இன்னொருத்தர் 13 ரெய்டுல 9 எடுக்கறார், ஒரே முறை மாட்டறார். சூப்பர் டென் முதல் ஆளுக்கு. ஆனா அவர் எதிரணிக்கு குறைஞ்சது 6 பாயிண்ட் கொடுத்துட்டு, 6 முறை பெஞ்சுல உட்கார்ந்திருக்கார். அவரை உள்ளே கொண்டுவர வேற யாராவது உழைச்சிருக்காங்க. எதிர்ல 3 பேர் இல்ல அதுக்குக் கம்மியா இருக்கும்போது மாட்டினா இன்னும் மோசம், அது சூப்பர் டேக்கிள், அவங்களுக்கு 2.

இந்த மூணையும் மனசுல வச்சுக்கிட்டு புரோ கபடி வரலாறைக் கொஞ்சம் பாருங்க. 2017ல 5ஆவது சீசன். பாட்னா பைரேட்ஸோட பர்தீப் நர்வால் 369 ரெய்டு பாயிண்ட். ஒரே ரெய்டுல மிச்சமிருந்த 6 பேரையும் காலி பண்ணி, ஆல் அவுட்டோட சேர்த்து 8 பாயிண்ட் வாங்கின ஆட்டமும் அந்த சீசன்லதான். பாட்னா சாம்பியன். அடுத்த சீசன் ஃபைனல்ல பெங்களூரு புல்ஸுக்காக பவன் செஹ்ராவத் தனியா 22 ரெய்டு பாயிண்ட். புல்ஸ் சாம்பியன். அப்ப ஃபார்முலா எளிசா இருந்துச்சு: பெரிய ரெய்டர் இருந்தா கப்பு.

அப்புறம் டிஃபென்ஸ் பாடம் படிச்சிடுச்சு. 10ஆவது சீசன்ல புனேரி பல்டன் கப்பு அடிச்சப்ப அவங்க ரெய்டர் ஒருத்தர்கூட 200 பாயிண்ட்டைத் தொடல. 11ஆவது சீசன்ல, 2024ல, பாட்னாவோட தேவாங்க் தலால் 301 ரெய்டு பாயிண்ட் எடுத்தார். லீக்லயே முதலிடம். ஃபைனல்ல ஹரியானா ஸ்டீலர்ஸ் அவரை சூப்பர் டென் பக்கமே விடல. 32-23ன்னு ஹரியானா ஜெயிச்சாங்க. அவங்ககிட்ட 300 பாயிண்ட் ரெய்டர் யாரும் கிடையாது.

நம்ம தமிழ் தலைவாஸ் கதை இதைவிட வலிக்கும். 2022ல பவனை 2 கோடியே 26 லட்சத்துக்கு வாங்கினோம். அதுவரைக்கும் லீக்லயே அதுதான் பெரிய தொகை. முதல் மேட்ச், குஜராத் ஜெயன்ட்ஸுக்கு எதிரா, முழங்கால் போச்சு. சீசன் முழுக்க வெளியே. முடிஞ்சதுன்னுதான் எல்லாரும் நினைச்சோம். நடந்தது என்ன? தலைவாஸ் செமி ஃபைனல் வரைக்கும் போனாங்க. இத்தனை சீசன்ல நாம அந்த இடத்தைத் தொட்ட ஒரே சீசன் அதுதான். நரேந்தர்னு ஒரு புது பையன் 243 ரெய்டு பாயிண்ட் எடுத்தார். அவருக்குப் பின்னாடி சாகர், சாஹில் குலியா, நம்ம அபிஷேக்னு ஒரு டிஃபென்ஸ் செயின் நின்னுச்சு. 2 கோடி ரெய்டர் இல்லாத வருஷம்தான் நம்ம நல்ல வருஷம்!

அதனால ரெய்டர் முக்கியமில்லன்னு சொல்ல வரல. ரெய்டரை அளக்கற அளவுகோல் வேற இருக்கணும்னு சொல்றேன். என்னோட அளவுகோல் ஒரே கேள்விதான்: டீம் பள்ளத்துல இருக்கும்போது இவர் எத்தனை பேரைத் திரும்ப களத்துக்குக் கொண்டுவர்றார்? இதை வச்சு என் டாப் 5. கணக்கு 2025ல முடிஞ்ச 12ஆவது சீசன் வரைக்கும். பர்தீப் 2025ல ஓய்வு அறிவிச்சுட்டதால லிஸ்ட்ல இல்ல.

5. பவன் செஹ்ராவத். 6, 7, 8 மூணு சீசன்லயும் ரெய்டு பாயிண்ட்ல முதலிடம். 2019ல ஹரியானாவுக்கு எதிரா ஒரே மேட்ச்ல 39 ரெய்டு பாயிண்ட். 2023ல ஹாங்சோ ஆசிய விளையாட்டுல தங்கம் வாங்கின இந்திய அணிக்கு கேப்டன். எல்லா காலத்துக்கும் லிஸ்ட் போட்டா இவர் இன்னும் மேலே. ஆனா இது இன்னைய லிஸ்ட். 10ஆவது சீசன்ல 2 கோடியே 60 லட்சத்துக்கு மேல போனவர், 12ஆவது சீசன்ல 59.5 லட்சத்துக்கு தலைவாஸுக்குத் திரும்பி வந்தார். சீசன் முடியறதுக்குள்ள அந்தப் பயணமும் முடிஞ்சுது. ஏலக்காரங்க கையில இருக்கற அளவுகோல் இரக்கமே இல்லாதது.

4. தேவாங்க் தலால். 301ஐ யாராலயும் அழிக்க முடியாது. உயரம், நீளமான கை, எல்லாமே ஆயுதம். 12ஆவது சீசனுக்கு பெங்கால் வாரியர்ஸ் 2 கோடியே 20 லட்சம் கொடுத்தது சும்மா இல்ல. பெரிய மேட்ச்ல, தனக்காகவே வலை விரிச்சு வச்சிருக்கற டிஃபென்ஸை உடைச்சுக் காட்டற அன்னைக்கு இவரை மேலே தூக்கறேன்.

3. ஆஷு மாலிக். தபாங் டெல்லியில அப்ப நவீன் குமார்தான் நட்சத்திரமா இருந்தார். 10ஆவது சீசன்ல நவீன் காயத்துல வெளியே போனதும், சுமை முழுக்க இவர் தோள்ல விழுந்துச்சு. 276 ரெய்டு பாயிண்ட் எடுத்தார். 12ஆவது சீசன்ல கேப்டனா கப்பைத் தூக்கினார். ஆர்ப்பாட்டம் இல்லாத ரெய்டர். டச் எடுத்தோமா, கோட்டைத் தாண்டினோமான்னு இருப்பார்.

2. அஸ்லம் இனாம்தார். இதுக்குத்தான் கமென்ட்ல அடி விழும்னு தெரியும். 200 ரெய்டு பாயிண்ட்கூட எடுக்காத சீசன்ல இவருக்கு லீக்கோட மதிப்புமிக்க வீரர் விருது கிடைச்சுது. ஏன்? ரெய்டும் போவார், பிடிக்கவும் செய்வார். கேப்டனா யாரை எப்ப அனுப்பணும்னு அவருக்குத் தெரியும். தான் பாயிண்ட் எடுக்கறதைவிட தன் டீம் ஆல் அவுட் ஆகாம இருக்கறதுலதான் அவர் கண்ணு இருக்கும்.

எங்க ஊர்க்காரங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். கோர்வைப் புடவை நெய்யும்போது தறியில உட்கார்ந்திருக்கற நெசவாளி ஒருத்தர். பக்கத்துல உட்கார்ந்து கரைக்கு நாடா கோக்கற ஆள் இன்னொருத்தர். கடையில புடவையைப் பிரிச்சுப் பார்க்கறவங்களுக்கு ரெண்டாவது ஆள் இருந்ததே தெரியாது. ஆனா அந்த ஆள் இல்லாம உடலும் கரையும் சேராது. அஸ்லம் ரெண்டு வேலையும் செய்யற ஆள். ஷீட்ல பாதிதான் விழுது.

1. அர்ஜுன் தேஷ்வால். 8ஆவது சீசன்ல இருந்து 11 வரைக்கும் நாலு சீசன்லயும் 200 ரெய்டு பாயிண்ட்டைத் தாண்டினவர். 9ஆவது சீசன்ல 296 எடுத்து, ஜெய்ப்பூர் பிங்க் பாந்தர்ஸுக்கு கப்பு வாங்கிக் கொடுத்து, மதிப்புமிக்க வீரர் விருதும் வாங்கினார். கை டச், கால் டச், போனஸ் எல்லாம் கைவசம் இருக்கு. எதிரணி ஒண்ணை அடைச்சா இன்னொண்ணு திறக்கும். முக்கியமா, வருஷா வருஷம் அதே தரம். ஒரு சீசன் வெடிச்சுட்டு மறுசீசன் காணாம போறவர் இல்ல.

வெளியே நிக்கற ரெண்டு பேர். நவீன் குமார்: தொடர்ந்து 28 சூப்பர் டென் எடுத்த மனுஷன். காயங்கள் விட்டா நாளைக்கே உள்ளே வந்துடுவார். அயான் லோசாப்: 11ஆவது சீசன்ல சிறந்த இளம் வீரர், 12ஆவது சீசன்ல 300ஐத் தாண்டிட்டார். இன்னும் ஒரு சீசன் பார்த்துட்டு அப்புறம் பேசலாம்.

இப்ப நீங்க கேப்பீங்க. "நம்பர் 1 அர்ஜுன்தானே? 2025ல அவர் நம்ம தலைவாஸ்லதானே ஆடினார்? 1 கோடியே 40 லட்சம் கொடுத்து வாங்கினோமே, அப்புறம் ஏன் பிளே ஆஃப்கூட இல்ல?" கேள்வி நியாயம். பதில் இந்த எபிசோடு முழுக்க இருக்கு. ரெய்டர் நாலு பேரை உள்ளே கொண்டுவரலாம். வந்த நாலு பேர் அடுத்த ரெய்டரைப் பிடிக்கணும். இல்லேன்னா அவர் கொண்டுவந்தது 30 செகண்ட்ல மறுபடி வெளியே போயிடும்.

இது டிவி ஆட்டம் மட்டும்னா நான் இவ்வளவு நேரம் பேசியிருக்க மாட்டேன். நம்ம மாவட்டத்துல எந்த ரோட்டுல போனாலும் சுவத்துல "மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி"ன்னு போஸ்டர் இருக்கும். கிரவுண்டுல போய்ப் பாருங்க, பத்துப் பசங்கள்ல எட்டுப் பேர் ரெய்டர் ஆகணும்னு நிக்கறாங்க. ஏன்னா ரேங்கிங், ரீல்ஸ், ஏலம் எல்லாம் ரெய்டரைத்தான் காட்டுது. ஆனா தஞ்சாவூர் பக்கத்துல இருந்து போன தர்மராஜ் சேரலாதன் ரைட் கார்னர் டிஃபெண்டர். 2016ல பாட்னாவுக்கு கேப்டனா கப்பு வாங்கினார், அதே வருஷம் உலகக் கோப்பை ஜெயிச்ச இந்திய அணியிலயும் இருந்தார், 40 வயசைத் தாண்டியும் ஆடினார். நம்ம மண்ணோட பெரிய கபடிப் பேர்கள்ல ஒண்ணு, ரெய்டு பாயிண்ட் லிஸ்ட்ல தேடினா கிடைக்காது.

2025 அக்டோபர்ல பஹ்ரைன்ல நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுல இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வாங்கிச்சு. துணை கேப்டன் கண்ணகி நகர் கார்த்திகா. அந்தப் பொண்ணைப் பார்த்து இன்னைக்கு எத்தனையோ பேர் ஷூ வாங்கக் காசு சேர்த்துக்கிட்டிருப்பாங்க. அவங்கள்ல யாரையாவது நீங்க கிரவுண்டுல பார்த்தா, "எத்தனை பாயிண்ட் எடுத்தே?"ன்னு மட்டும் கேக்காதீங்க. "எத்தனை பேரை உள்ளே கொண்டுவந்தே, யாரைப் பிடிச்சே?"ன்னும் கேளுங்க. நாம கேக்கற கேள்வியைப் பொறுத்துதான் அந்தப் பிள்ளை எதைப் பழகணும்னு முடிவு பண்ணும்.

உங்க டாப் 5 அனுப்புங்க. ஒரே ஒரு நிபந்தனை: பேர் மட்டும் போடாதீங்க, எதை வச்சு அளந்தீங்கன்னு ஒரு வரி எழுதுங்க. அடுத்த எபிசோடுல இதே மாதிரி டிஃபெண்டர்களுக்கு ஒரு லிஸ்ட் போடறோம். லெஃப்ட் கார்னர்ல இருந்து ஆரம்பிக்கலாம். வர்றேன்.