மஞ்சள் குமிழும் சிவப்புக் குமிழும்

(உடப்புசல்லாவையில் தோட்டச் சாரதிகளும் குடும்பத்தினரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



"வண்டி ரிப்பேர் பேச்சுக்கு எங்கள எதுக்குக் கூப்பிட்டீங்க?" என்று முன்வரிசையில் ஒரு அக்கா கேட்டார். நியாயமான கேள்விதான். ராத்திரியில் பிரசவ வலி கண்டால் நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு ஏறிப்போவது அந்த வண்டியில்தானே? சாரதி விடுகிற பிழை பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் தலையில்தான் விடிகிறது. அதனால் எல்லோரும் கேளுங்கள்.

நாங்கள் சொல்ல வந்தது பழைய லேண்ட் ரோவர் பற்றி. 1948இல் அறிமுகமான இங்கிலாந்து வண்டி. அந்தப் பழைய வகையை 1985 வரை செய்தார்கள். அதில் கியர் லீவருக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு லீவர்கள் இருக்கும். மஞ்சள் குமிழைக் கீழே அமுக்கினால் முன்சில்லும் சேர்ந்து இழுக்கும். சிவப்புக் குமிழைப் பின்னுக்கு இழுத்தால் 'லோ' விழும். அப்போது முன்சில்லு தானாகவே சேர்ந்துகொள்ளும். ஃபோர்வீலை விடுவிக்க, வண்டியை நிறுத்தி, சிவப்பைப் பின்னுக்கு இழுத்துத் திரும்ப முன்னுக்குத் தள்ள வேண்டும். மஞ்சள் குமிழ் டக்கென்று மேலே எழும்பும்.

எழும்பாவிட்டால்? சிவப்பு அசையவே மறுத்தால்? அங்கேதான் நம் ஆட்கள் காலால் உதைக்கிறார்கள், கல்லால் தட்டுகிறார்கள். லீவர் பழுது என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் லீவரில் ஒரு குறையும் இருக்காது.

வளைவில் திரும்பும்போது முன்சில்லு பின்சில்லைவிடக் கூடத் தூரம் ஓட வேண்டும். இந்த வண்டியில் முன்னும் பின்னும் ஒரே பெட்டியில் பூட்டுண்டு, ஒரே அளவாகத்தான் சுற்றும். சேற்றில் சில்லு கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். தார்ரோட்டில் வழுக்க முடியாது. நனைஞ்ச படங்கை இரண்டு பேர் பிடிச்சுப் பிழியிற மாதிரி, உள்ளே இருக்கிற தண்டெல்லாம் முறுக்கேறிப் போய்விடும். பற்கள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு நிற்கும்போது லீவரை எவ்வளவு இழுத்தாலும் வராது. மலை ரோட்டிலிருந்து ஏறி, ஃபோர்வீலை விடாமல் ராகலைப் பக்கம் வளைவு வளைவாகத் தாரில் ஓடிப் பாருங்கள், புரியும்.

இதற்கு வைத்தியம் லேசானது. சமதரையில் பத்துப் பதினைந்து அடி நேராக ரிவேர்ஸ் எடுங்கள். அல்லது ஓரத்துப் புல்லிலோ சேற்றிலோ கொஞ்சம் ஓட விடுங்கள். முறுக்கு அவிழ்ந்தால் ஒரு விரலுக்கே லீவர் வரும். 'லோ' போடும்போது விழாவிட்டால், வண்டி சமதரையில் நிற்க, முதல் கியரில் கிளச்சை ஒரு கணம் லேசாக விட்டு, திரும்ப மிதித்துப் போட்டுப் பாருங்கள். பல்லுக்குப் பல் நேர் வந்தால் விழுந்துவிடும்.

டயரையும் பாருங்கள். முன்னுக்குப் புதுசு, பின்னுக்குத் தேய்ந்தது என்று போட்டால், நேர் ரோட்டில்கூட முறுக்கேறும். சிக்கனம் என்று செய்வது கியர்பெட்டியைத் தின்னும்.

ரிவேர்ஸ் எடுத்தும் அசையாவிட்டால்தான் துரு. இந்தப் பக்கத்து மழைக்கு அடியிலிருந்து சேறு அடித்து, லீவர் இணைப்பிலுள்ள பின்கள் இறுகிப்போகும். கழுவி, ஒயில் விட்டு, ஒரு ராத்திரி ஊறவிட்டு அசைத்துப் பாருங்கள். ஃபோர்வீல் தேவையில்லாத வெயில் காலத்திலும் மாதம் ஒரு தடவையாவது சேற்று ரோட்டில் போட்டு எடுத்தால் இறுகாது.

இனிச் சொல்வதுதான் எங்கள் மனதை உறுத்துவது. ஒரு தோட்டத்தில், பெயர் வேண்டாம், மழை நாளில் ஆட்களோடு வந்த வண்டியைச் சாரதி இறக்கத்தில் நிறுத்தி, இறுகிய சிவப்பு லீவரை உதைத்தார். அது பாதி வழியில் வந்து நின்றது. வண்டி முதல் கியரில்தான் இருந்தது. இருந்தும் உருளத் தொடங்கியது. கால் பிரேக்கைத் தேடி மிதிப்பதற்குள் கானுக்குள் இறங்கிச் சாய்ந்தது. கான் மேட்டுப் பக்கமாக இருந்தபடியால் நாங்களும் உயிரோடு வந்தோம். மறுபக்கம் பள்ளம்.

ஏன் உருண்டது? சிவப்பு லீவர் நடுவில் நின்றால் இன்ஜினுக்கும் சில்லுகளுக்கும் தொடர்பே இல்லை. எந்தக் கியரில் வைத்தாலும் அது வண்டியைப் பிடிக்காது. ஹேண்ட் பிரேக்தான் பிடிக்க வேண்டும். இந்த வண்டியில் ஹேண்ட் பிரேக் சில்லில் இல்லை; பெட்டிக்குப் பின்னால், தண்டைப் பிடிக்கிற ஒரு டிரம். பெட்டியின் சீல் கசிந்தால் ஒயில் நேரே அந்த டிரம்முக்குள் போகும். அன்றைக்கு அதுதான் நடந்தது. எத்தனை நாளாகக் கசிந்ததோ!

இன்னொன்று: பின்சில்லு ஒன்றை ஜக் வைத்துத் தூக்கினால், அந்தச் சில்லு சும்மா சுற்றும்; ஹேண்ட் பிரேக் போட்டிருந்தும் வண்டி நகரலாம். கீழே படுக்கிற கிளீனர் பிள்ளைகள் கட்டை வைக்காமல் படுக்கவே கூடாது. "அண்ணே, ஆள இறக்கிட்டு, கட்டை வச்சிட்டு லீவரத் தொடுங்க" என்று பின்னால் இருக்கிற அக்காமார்தான் சத்தம் போட வேண்டும். அதற்காகத்தான் உங்களைக் கூப்பிட்டோம்.

வெளியே வண்டி நிற்கிறது. கட்டை வைத்தாயிற்று. டிரம்மை ஒவ்வொருவராக வந்து பாருங்கள், கசிவு தெரியும்.