மொழி வேறு, கூலியும் வேறா?

(அம்பத்தூர் ஆலைவாயில் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



1964-ல் உருவான இந்த அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இன்று தமிழோடு இந்தியும் ஒடியாவும் வங்காளமும் ஒலிக்கின்றன. பீகாரிலும் ஒடிசாவிலும் பிழைப்புக்கு வழியற்றவர்கள் ரயிலேறி வருகிறார்கள். அதே மிஷின், அதே ஷிப்டு. ஆனால் காண்டிராக்டரின் ஆளென்றால் கூலி குறைவு, நேரம் அதிகம்!

"வடக்கத்தியான் வந்துதான் நம் கூலி விழுந்தது" என்கிறார்கள் சிலர். கூலியை நிர்ணயிப்பது அவனா, முதலாளியா?

காண்டிராக்டர் அழைத்துவரும் வெளிமாநிலத் தொழிலாளிக்கும் அதே வேலைக்கு அதே கூலி, ஊர்விட்டு வந்ததற்கு அரைமாதச் சம்பளம் படி என்று 1979-ம் வருஷச் சட்டம் சொன்னது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவியதா?

நம் பாட்டன்மாரும் கங்காணி பின்னால் இலங்கைத் தேயிலைத் தோட்டம் போனவர்களே. 1948-ல் அங்கே வந்த குடியுரிமைச் சட்டம் லட்சக்கணக்கானோரை நாடற்றவர்களாக்கியது. அந்த வேதனையை அறிந்த நாம் இவர்களை அந்நியர் என்று ஒதுக்கலாமா?

மலிவுக்கு ஆள் கிடைக்கும்வரை நம் கூலியும் நிலைக்காது. நடவு வயலிலும் இதே கதைதான். ஆகவே அவர்களைச் சங்கத்தில் சேர்ப்போம். நோட்டீசை இந்தியிலும் ஒடியாவிலும் அச்சடிப்போம். ஒரே வேலைக்கு ஒரே கூலி என்று ஒன்றாக நின்று கேட்போம்!